மூன்றாவது இரும்பு

எங்கள் அருங்காட்சியகத்தில் தூசியைக்கூடக் குப்பையில் போடக் கூடாது. ஒரு பழம்பொருளைத் துடைக்கும்போது உதிரும் மண், துரு, நார் அத்தனையையும் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பொருளின் எண்ணை எழுதி, இழுப்பறையில் வைக்க வேண்டும். பெரிய அதிகாரி அறிக்கையில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதை வீசலாம். வீட்டில் நான் இப்படிக் குப்பைக்கு எண் போட்டு வைத்தால், என் கணவர் மறுபேச்சில்லாமல் என்னைத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். பத்து வருடத்துக்கு மேலாக இந்த விதியைத் திட்டிக்கொண்டேதான் கடைப்பிடித்தேன். இப்போது திட்டுவதில்லை.

அருங்காட்சியகம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கோலா சிலாங்கூரில் ஆற்றோரமாக ஒரு பழைய இரண்டு மாடிக் கட்டடம். கீழே காட்சிக்கூடம், மேலே பொருள்களைச் சுத்தம் செய்து வைக்கும் அறை. குன்றிலிருந்து இறங்கி வரும் குரங்குகள் ஜன்னலோரம் உட்கார்ந்து, உள்ளே நாங்கள் செய்வதை மேலதிகாரி மாதிரிப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் அங்கே சுத்தம் செய்யும் உதவியாளர். ஒப்பந்த வேலை, ஆண்டுக்கொரு முறை புதுப்பிப்பார்கள்.

பிறந்து வளர்ந்தது வடக்கே, பெர்ணம் ஆற்றுப் பக்கம் ஒரு தோட்டத்தில். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்தார்கள். சனம் புக்கிட் பெருந்துங்கிலும் கோலா குபு பாருவிலுமாகச் சிதறிவிட்டது. அங்கே மிச்சம் இருந்தது முனி கோயில் ஒன்றுதான். பூசாரி என் அண்ணன். வாரமெல்லாம் லோரி ஓட்டுவார், ஞாயிற்றுக்கிழமை சாமிக்கு.

எங்கள் முனிக்குச் சிலை கிடையாது. சிவப்புத் துணி சுற்றி மேடையில் நட்டு வைத்த ஓர் இரும்புதான் சாமி. 'ஐயாவோட அரிவாள்' என்போம். காட்டை வெட்டித் தோட்டம் போட்ட காலத்தில் கால்வாய் தோண்டும்போது கிடைத்ததாம். துணிக்குள் அது எப்படி இருக்கும் என்று பூசாரியைத் தவிர யாரும் பார்த்ததில்லை. திருவிழாவன்று உச்சி வேளையில் திரையைப் போட்டுக்கொண்டு அவர் துணியை மாற்றுவார். அந்த நேரம் பெண்கள் கோயிலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். சின்ன வயதில் நான் ஒருமுறை திரும்பிப் பார்க்கப் போய் அப்பாவிடம் அறை வாங்கியிருக்கிறேன். அந்த அறைகூட மறந்துவிட்டது, அந்த நிசப்தம் மறக்கவில்லை. உச்சி வெயிலில் செம்பனைக் காட்டுக்குள் ஒரு பறவைகூடக் கத்தாது. ஓலைகளுக்கு அடியில் நடுப்பகலிலேயே மங்கலாக இருக்கும். முதுகுக்குப் பின்னால் துணி அவிழும் சரசரப்பு மட்டும் கேட்கும்.

தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கு முதல் மொட்டை அந்தக் கோயிலில்தான். இறக்கிய முடியில் ஒரு கொத்தை மஞ்சள் நூலால் கட்டி, வெற்றிலையில் வைத்து, தாய் பூசாரியிடம் கொடுப்பாள். "ஐயா பாத்துக்குவாரு" என்று வாங்கிக்கொண்டு அவர் திரைக்குள் போவார். பிறகு ஆற்றில் விட்டுவிடுவார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

என் மகளுக்குப் பதினோராம் மாதத்தில் மொட்டை. மஞ்சள் நூல் கொண்டுபோக மறந்துவிட்டோம். என் கணவர் அப்போது மீன் வலை பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். அவர் சட்டைப்பையில் கிடந்த நீல நைலான் நூலால் கட்டிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துக் காய்ச்சலில் குழந்தை போய்விட்டது. நான் ஓயாமல் அழுகிறேன் என்று அவளுடைய சட்டை, தொட்டில் துணி, கிலுகிலுப்பை எல்லாவற்றையும் வீட்டுப் பெரியவர்கள் எங்கோ எடுத்துப் போய்விட்டார்கள். இரண்டு புகைப்படம் இருக்கிறது, இரண்டிலும் தொப்பி போட்டிருக்கிறாள். அப்புறம் எனக்குப் பிள்ளை இல்லை. ஐயா நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்.

அந்தச் சாமியைத்தான் ஒரு மழைக்காலத்தில் களவாடிக்கொண்டு போனார்கள். உலோகம் தேடும் கருவியோடு ஆற்றங்கரையைத் தோண்டித் திரியும் கூட்டம் ஒன்று இருந்தது. மண்ணுக்குள் கிடைக்காத நாளில் மண்ணுக்கு மேலே கைவைத்துவிட்டார்கள். கோயில் மணி, சூலம், விளக்கு, கடைசியில் துணியோடு ஐயாவையும். அது மிக மோசமான நேரம். தோட்டத்தை வாங்கியவர்கள் வீட்டுமனை போடப் போகிறார்கள். கோயிலுக்கு வேறொரு மூலையில் இடம் தருவதாக ஒப்புக்கொண்டு, சாமியை எடுத்துப் போக நாளும் குறித்திருந்தார்கள். இப்போது எடுத்துப் போகச் சாமி இல்லை. சாமி இல்லாத கோயிலுக்கு இடம் எதற்கு என்று அவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அண்ணன் எனக்குப் போன் போட்டார்.

"புள்ள, களவு போன சாமானெல்லாம் கடைசில உங்க மியூசியத்துக்குத்தான வருது. கண்ணத் தொறந்து வெச்சிரு லா."

"எப்படி இருக்கும்னு சொல்லுண்ணே, பாக்குறேன்."

"அத பொம்பளைங்ககிட்ட சொல்லக் கூடாது."

"அப்ப நீயே வந்து தேடிக்க," என்று வைத்துவிட்டேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே.

சில மாதங்களில் பெட்டிகள் வந்தன. பழம்பொருள் சேர்க்கும் ஒருவருடைய வீட்டில் போலீஸ் கைப்பற்றியவை. பச்சை பூத்த ஒரு பழங்கால வெண்கல மணி, ஒரு சட்டி நிறையக் கல்மணிகள், மூன்று நீள இரும்புகள். எல்லாமே ஆற்றங்கரையில் தோண்டி எடுத்தவை என்று பிடிபட்டவர் சொல்லியிருந்தார். நான் பட்டியலை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தேன். அரிவாள் என்று எதுவும் இல்லை.

அந்த இரும்புகளை மலாய்க்காரர்கள் மாவாஸ் எலும்பு என்பார்கள். காட்டில் வாழ்ந்த பெருங்குரங்கு மாதிரி ஒன்றுக்கு முன்கை எலும்பு இரும்பாக இருந்ததாம். அது செத்து மக்கிய பிறகு இரும்பு மட்டும் மண்ணில் தங்கிவிட்டதாம். அது பழங்காலத்துக் கருவி, கல்லறைகளில் வைத்துப் புதைத்தது என்று பெரிய அதிகாரி சொல்வார். ஒரு முனை தட்டை. மறுமுனை மரப்பிடி செருகுவதற்கான குழல். முழங்கை நீளம் இருக்கும். பார்த்தால் கருவி என்பதைவிட எலும்பு என்பதைத்தான் எனக்கு நம்பத் தோன்றியது.

முதல் இரண்டில் வெறும் களிமண். மூன்றாவதில் சேற்றுக்கு அடியில் கருப்பாக ஒரு பொருக்கு. அதைச் சுரண்டத் தொடங்கியதும் அறையில் நல்லெண்ணெய் வாசனை அடித்தது. கூடவே கொஞ்சம் கற்பூரம். என் ஜடையை இழுத்து முகர்ந்து பார்த்தேன். நான் வைத்திருந்தது தேங்காய் எண்ணெய். குழலுக்குள்ளே எதையோ இறுக்கி அடைத்தது போல ஒரு கருப்புத் திரள். அதை இடுக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து எடுக்க அரை நாள் ஆயிற்று. ஊறிய புளி உருண்டை மாதிரி மொத்தமாக வந்தது. ஓரத்தில் நாராக நீட்டிக்கொண்டிருந்தது. மண்ணுக்குள் கிடந்த பொருள், செடி புகுந்திருக்கிறது. வேலைத்தாளில் 'செடி நார்' என்று எழுதி, பையில் போட்டு, எண் எழுதி வைத்தேன். பிறகு இரும்பை எரிசாராயத்தால் துடைத்துப் பளிச்சென்று ஆக்கினேன். இவ்வளவு சுத்தமாக நான் எதையும் செய்ததில்லை என்று பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு வாரத்தில் அது வேர்க்க ஆரம்பித்தது.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. காலையில் தட்டின் மூடியைத் திறந்தால் இரும்பின்மேல் சின்னச் சின்னச் சிவப்புத் துளிகள் நிற்கும். துடைத்தால் மறுநாளும் நிற்கும். இரும்புக்குள் ஊறிய உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிறது, இதுவரை ஏதோ எண்ணெய்ப் பூச்சு அதைத் தடுத்திருக்கிறது, நாம் அதை எடுத்துவிட்டோம் என்று பெரிய அதிகாரி விளக்கினார். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் போடுவார்களே, ஈரம் உறிஞ்சும் மணிப் பொட்டலம், அதைப் பத்துப் பதினைந்து போட்டு ஒரு பெட்டிக்குள் மூடினோம். மற்ற இரண்டும் அதே அறையில், அதே காற்றில் சும்மாதான் கிடந்தன.

அதோடு சத்தமும் வந்தது. உச்சி நேரத்தில் மூடிய பெட்டிக்குள்ளிருந்து டிக் என்று ஒன்று. சற்றுப் பொறுத்து இன்னொன்று. துரு வெடித்துச் செதில் விழுகிறது என்பது எனக்குத் தெரியும். என்னோடு வேலை செய்யும் மலாய்ப் பெண் என்னைக் காக், அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். அவள், "காக், அது மறுபடி தட்டுது," என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டு மணிக்குமேல் மாடிக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். குரங்குகளும் அந்த நேரத்தில் அந்த ஜன்னலுக்கு வருவதில்லை. எனக்கென்ன பயம் என்று நான் மட்டும் சோற்றுப் பொட்டலத்தோடு மேலேயே இருந்தேன். ஒரு நாள் பாதிச் சாப்பாட்டில், என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. நாற்காலி இருக்கும்போதே நின்றுகொண்டு சாப்பிடுகிறேன். அந்தப் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். யாரும் சொல்லவில்லை, நான் நினைக்கவும் இல்லை, உடம்பு தானாகத் திரும்பி நின்றிருக்கிறது. சோற்றை அப்படியே கட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

கைப்பற்றிய பொருள்களுக்கு உரிமை உள்ளவர்கள் சான்றோடு வரலாம் என்று அறிவிப்பு வந்ததும் அண்ணன் கிளம்பி வந்தார். அவர் என் அண்ணன் என்று நான் அலுவலகத்தில் சொல்லவில்லை. என் உறவினர் கேட்கும் பொருளில் கைவைக்க என்னை விடமாட்டார்கள், ஒப்பந்தம் முடியும் நேரம் வேறு. அண்ணனும் நெற்றி நிறையத் திருநீற்றோடு என்னை யாரோ போலப் பார்த்தார்.

மூன்று இரும்புகளையும் மேசையில் வரிசையாக வைத்திருந்தோம். அவர் மூன்றாவதற்கு முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். பார்த்த மாத்திரத்தில், ஒரு நொடிகூட யோசிக்காமல். களவாடியவர்கள் துணியை உருவிவிட்டு, தோண்டி எடுத்தது போலச் சேற்றைப் பூசியிருக்கிறார்கள். அரிவாள் அரிவாள் என்று சொல்லிச் சொல்லி, வளைந்த ஒன்றைத்தான் நான் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெரிய அதிகாரி மலாய்க்கார அம்மாள், நல்லவர், ஆனால் காகிதத்தில் இல்லாததை நம்பமாட்டார். "மூன்றும் ஒரே மாதிரிதானே இருக்கின்றன. உங்களுடையது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? படம் இருக்கிறதா?" என்று மலாயில் கேட்டார்.

"சாமியப் படம் புடிக்க மாட்டோம், புவான்," என்றார் அண்ணன், அம்மா என்பதற்கு மரியாதையாகப் புவான் போட்டு, லோரி ஓட்டிப் பழகிய மலாயில்.

"அப்படியானால் வேறு யாருக்கும் தெரியாத ஏதாவது அடையாளம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இது மண்ணிலிருந்து எடுத்ததாகத்தான் பதிவாகும். பிறகு இங்கேயே இருந்துவிடும்."

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். ஒரு பெண்ணுக்கு முன்னால், அதுவும் இரண்டு பெண்களுக்கு முன்னால், சொல்லக் கூடாததைச் சொல்ல வேண்டும். அவருடைய காது மடல் சிவந்திருந்தது.

"அந்தக் குழலுக்குள்ள முடி இருக்கும். எங்க தோட்டத்துப் புள்ளைங்களோட மொத முடி. எனக்கு முந்தின பூசாரி வெச்சது, நான் வெச்சது, எல்லாம் உள்ளதான் இருக்குது."

என் கண் இழுப்பறைப் பக்கம் போயிற்று.

அதிகாரி கைவிளக்கை அடித்துக் குழலுக்குள் பார்த்தார். பளபளவென்று காலியாக இருந்தது. நான் அவ்வளவு நன்றாகத் துடைத்திருந்தேன். வேலைத்தாளை எடுத்து அவர் வாய்விட்டுப் படித்தார்: "உள்ளே இருந்தது, செடி நார்." பிறகு அண்ணனைப் பார்த்து வருத்தத்தோடு தலையசைத்தார்.

அண்ணன் கத்துவார் என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்துக்கே வாய் நீளம். அவர் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தமிழில், தனக்குத்தானே, "அப்ப இது ஐயா இல்ல போல. நாந்தான் தப்பாக் கும்பிட்டுட்டேன்," என்றார். இத்தனை வருடம் தன் கையால் எண்ணெய் பூசிய இரும்பையே அவரைச் சந்தேகப்பட வைத்துவிட்டேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை இருக்கும், கோயில் போகும். ஒரு நிமிடம் மூடிக்கொண்டுதான் இருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு சொல்லிவிட்டேன். "புவான், அது நார் இல்லை. தப்பாக எழுதியது நான்தான். பை இழுப்பறையில் இருக்கிறது. இவர் என் அண்ணன்."

அதிகாரி வேலைத்தாளின் அடியைப் பார்த்தார். "நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போய் எடுத்துக்கொண்டு வா," என்றார்.

கண்ணாடித் தட்டில் எரிசாராயத்தை ஊற்றி, அந்த உருண்டையை அதில் வைத்து, மெல்லிய தூரிகையால் அவரே வருடினார். முதலில் கறுப்பாகக் கலங்கியது. பிறகு ஒவ்வொன்றாகப் பிரிந்தது. பூப்போன்ற முடி. செம்பட்டை, கருப்பு, சுருட்டை, சின்னச் சின்னக் கொத்துகள். கட்டியிருந்த பருத்தி நூலெல்லாம் மக்கிப் போயிருந்தது. எத்தனை தலை என்று எண்ண முடியவில்லை. ஒரு தோட்டமே அந்தத் தட்டில் மிதந்தது. அறை முழுக்க நல்லெண்ணெயும் கற்பூரமும். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதிகாரி தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நின்றார்.

தட்டின் ஓரத்தில் ஒரு கொத்து மட்டும் பிரியாமல் கிடந்தது. அதைக் கட்டியிருந்த நூல் மக்கவில்லை. நைலான் மக்காது. நிறமும் மாறவில்லை. நீலம்.

அவளுக்குச் சுருட்டை முடி என்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.

எழுத்து வேலைகள் முடியச் சில வாரம் பிடித்தது. பதிவு அருங்காட்சியகத்தில் இருக்கும், பொருள் கோயிலில் இருக்கும் என்று முடிவாயிற்று. தப்பாக எழுதியதற்கும் உறவை மறைத்ததற்கும் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். ஒப்பந்தம் ஓராண்டுக்குப் பதில் ஆறு மாதம். அதற்காக நான் அழவில்லை.

ஒப்படைக்கும் நாளில் அண்ணன் கோயில் கட்டுவோரிடம் சாமியை நடும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு உச்சி வேளையில் வந்தார். முடியை மறுபடி குழலுக்குள் வைத்துத் தர வேண்டும் என்று கேட்டார். மேல்மாடி அறையில் வெளியாட்கள் பொருளைத் தொடக் கூடாது, எடுத்தவளே வைக்கட்டும் என்றார் அதிகாரி. பெண் தொடுவதா என்று அண்ணன் தயங்கினார். என்னைப் பார்த்தார், இரும்பைப் பார்த்தார். பிறகு எதுவும் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அதிகாரி போன் பேச வெளியே போனார்.

கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு கொத்தாக எடுத்து உள்ளே வைத்தேன். ஒன்றை வைக்கும்போது பெட்டியிலிருந்து டிக் என்று சத்தம் வந்தது. பெட்டி காலி. அதில் இருந்த இரும்பு என் கையில் இருந்தது. நான் நிறுத்தாமல் அடுத்த கொத்தை எடுத்தேன். கடைசியில் நீல நூல் மட்டும் தட்டில் மிஞ்சியது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடினேன். மூடிய விரலோடு கையுறையை உட்புறம் வெளியே வருமாறு உரித்தேன். கொத்து அதற்குள் போய்விட்டது. கையுறையைச் சுருட்டி என் கைப்பையில் போட்டேன். களவு போனதைத் திருப்பிக் கொடுக்கும் அதே நாளில், அதே அறையில், சாமிக்குக் கொடுத்ததை நான் திருடினேன்.

"எல்லாத்தையும் வெச்சிட்டியா?" என்று சுவரைப் பார்த்தபடியே அண்ணன் கேட்டார்.

"வெச்சிட்டேண்ணே."

ஐயா லோரியில் முன்சீட்டில் போனார். புது மூலையில் தகரக் கூரை போட்டு, எண்ணெய் பூசி, துணி சுற்றி நட்டுவிட்டார்கள். இடம் நிலைத்துவிட்டது. சிதறிப்போன சனமெல்லாம் வந்து பொங்கல் வைத்தது, நானும் போய் முதுகைக் காட்டி நின்றேன். முன்பு கேட்ட சரசரப்பு அன்று கேட்கவில்லை. துணியை யாரோ பாதியில் பிடித்து நிறுத்தியது போல இருந்தது.

முடியை என் கணவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். கையில் வாங்கவில்லை. எங்காவது பத்திரமாக வை என்று மட்டும் சொன்னார். பீரோவில், ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில், ஈரம் உறிஞ்சும் மணிப் பொட்டலம் ஒன்றோடு வைத்திருக்கிறேன். பழக்க தோஷம், அதற்கும் ஓர் எண் எழுதப் போய்ப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பேசினார். "ஐயாவுக்கு வேர்க்குது புள்ள. எவ்ளோ எண்ணெய் போட்டாலும் துணியெல்லாம் செவப்பா நனஞ்சு போவுது. உச்சி நேரத்துல உள்ளாற தட்டுற சத்தம். எதயோ கேக்குறாரு. நீ எல்லாத்தையும் வெச்சதான?"

"வெச்சேண்ணே. அது உப்பு. எண்ணெய இன்னும் கொஞ்சம் கெட்டியாப் பூசு," என்றேன்.

உப்புதான் என்று நானும் நம்புகிறேன். ஆனால் அன்று மதியம் பீரோவைத் திறந்தபோது பைக்குள் ஒரு துளி நின்றுகொண்டிருந்தது, சிவப்பாக. அந்தப் பையில் இரும்பு இல்லை. முடியில் துரு ஒட்டியிருக்கும் என்று அதிகாரி சொல்லக்கூடும். அவரிடம் நான் எப்படிக் கேட்பது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பஞ்சால் துளியை ஒற்றி எடுத்து, மணிப் பொட்டலத்தை மாற்றி, பையை மூடினேன். இந்த முறை முதுகைக் காட்டவில்லை. பீரோவுக்கு நேராக நின்றே சொன்னேன். கேளுங்கள் ஐயா, எத்தனை நாள் வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரு தோட்டத்துப் பிள்ளைகளின் முடி முழுக்க உங்களிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். தரமாட்டேன்.